பழைய லேப்டாப் வாங்கப் போகிறீர்களா? கடையிலேயே இதையெல்லாம் பார்த்துவிடுங்கள்

பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு, டிஎன்பிஎஸ்சி படிப்பு, கடைக்கணக்கு, மிச்ச நேரத்தில் யூடியூப். இவ்வளவுதான் வேலை என்றால், மலிவான புது லேப்டாப்பைவிட, கம்பெனிகளில் மூன்று நான்கு வருடம் ஓடிவிட்டு விற்பனைக்கு வரும் பழைய லேப்டாப்பே மேல் என்பது என் கட்சி. விலை குறைந்த புதுசுகளில் பெரும்பாலும் செலரான் போன்ற வேகம் குறைந்த பிராசஸரும் 4 ஜிபி ராமும்தான் இருக்கும். சிலவற்றில் சேமிப்பே 64 ஜிபிதான். விண்டோஸ் 11 குறைந்தபட்சமாகக் கேட்பதே 64 ஜிபி. அப்புறம் உங்கள் போட்டோவை எங்கே வைப்பது?

மதுரையில் டவுன்ஹால் ரோட்டில் வாங்கினாலும் சரி, பைபாஸ் ரோட்டில் வாங்கினாலும் சரி, எல்லாச் சோதனையையும் கடையிலேயே முடித்துவிடுங்கள். உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ பஸ் ஏறி வருகிறவர்கள் இதற்காக இன்னொரு தடவை அலைய முடியாது.

படி 1: பிராசஸரின் முழு எண்

"ஐ5ண்ணே, சும்மா பறக்கும்" என்பார் கடைக்காரர். ஐ5 என்ற இன்டெல் பிராசஸர் வரிசை 2009லிருந்தே இருக்கிறது. அதில் எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். ஐ5-6300யூ என்றால் ஆறாவது, ஐ5-8250யூ என்றால் எட்டாவது. எண் 10, 11, 12 என்று தொடங்கினால் அதுவே தலைமுறை.

இன்டெல்லில் எட்டுக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது எட்டாம் தலைமுறையிலிருந்துதான். அதற்கு முந்தையதிலும் குறுக்கு வழியில் 11ஐ ஏற்றித் தருவார்கள். பின்னால் அப்டேட் வரும்போது மல்லுக்கட்டப் போவது நீங்கள்தான். இன்னொன்று, சொன்ன அந்த 6300யூவில் இரண்டு கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை பார்க்கும் பகுதி), 8250யூவில் நான்கு. பத்து டேப் திறந்து வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

படி 2: சொன்னது உள்ளே இருக்கிறதா?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். சிபியூவில் அந்த முழு எண் இருக்கும். மெமரியில் 8 ஜிபி இருக்க வேண்டும். கீழே எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்றும் காட்டும். ஒன்று காலி என்றால் நல்லது, பிற்பாடு ராம் கூட்டிக்கொள்ளலாம். டிஸ்க்கில் எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு வகை) என்று வர வேண்டும். ஹார்டு டிஸ்க் என்றால், எஸ்எஸ்டி மாற்றித் தந்தால்தான் பேச்சு.

படி 3: பேட்டரி

சதவீதத்தைக் குறித்துக்கொண்டு சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். யூடியூபில் ஒரு வீடியோவை ஓட விட்டு, மற்ற சோதனைகளைப் பாருங்கள். அரை மணியில் பத்து, பன்னிரண்டு சதவீதம் இறங்கினால் பரவாயில்லை. முப்பது இறங்கினால் புது பேட்டரி விலையைக் கழித்துத்தான் பேரம். டச்பேட் புடைத்திருந்தாலோ, மேசையில் வைத்தால் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அதைத் தொடவே வேண்டாம். நம் ஊர் வெயிலையும் கரண்ட் கட்டையும் வைத்துப் பார்த்தால், இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

படி 4: கண்ணும் கையும்

வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து திரையில் புள்ளி, கோடு இருக்கிறதா பாருங்கள். நோட்பேடில் எல்லா விசையையும் ஒரு தடவை தட்டுங்கள். கையோடு கொண்டுபோன பென்டிரைவை ஒவ்வொரு யுஎஸ்பியிலும் செருகிப் பாருங்கள். கேமரா, மைக், வைஃபை, மூடித் திறக்கும் கீல், அவ்வளவுதான்.

படி 5: பழைய கம்பெனியின் பூட்டு

இதைப் பலரும் பார்ப்பதில்லை. சில கம்பெனி லேப்டாப்புகள் இன்னும் அந்த நிறுவனத்தின் கணக்கிலேயே பதிவாகியிருக்கும். இப்போது ஒழுங்காக ஓடும்; நீங்கள் ரீசெட் செய்து இணையத்தில் இணைத்ததும், முன்பின் தெரியாத கம்பெனியின் பெயரைக் காட்டி அலுவலக மெயிலும் பாஸ்வேர்டும் கேட்கும். அதனால் உங்கள் கண்முன்னே ரீசெட் செய்து, வைஃபையில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் ஆனால் ஆகட்டும், டீ குடித்துவிட்டு வாருங்கள். திரும்ப ஆன் செய்து, விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள்ளும் போய்ப் பாருங்கள். அங்கே பாஸ்வேர்டு கேட்டால் எடுத்துத் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் வேறு கடை.

படி 6: பில்

பில்லில் சீரியல் எண் இருக்க வேண்டும்; லேப்டாப்பின் அடிப்பக்க எண்ணோடு ஒத்துப்பாருங்கள். வாரன்டி எத்தனை மாதம், பேட்டரிக்கும் சார்ஜருக்கும் உண்டா என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு செல்லாது.