மூன்றாவது தட்டில்தான் பிழைத்தது ஜெர்பரா

ஜெர்பரா ஒரு தடவை பிடித்துவிட்டால் வருடக்கணக்கில் பூக்கும், ஆனால் விதையிலிருந்து அதைக் கிளப்புவதற்குள் எனக்கு இரண்டு தட்டு நாற்று போய்விட்டது. ஏற்காட்டில் ஐப்பசி, கார்த்திகையில் மழையும் மூடுபனியும் லேசில் விடாது. முதல் தட்டைத் திண்ணையில் வைத்தேன், ஈரம் காயாமல் அடித்தண்டு கறுத்து எல்லாம் சாய்ந்துவிட்டது. நாற்றழுகல், பூஞ்சையின் வேலை.

சரி என்று இரண்டாவது தட்டை வீட்டுக்குள் எல்இடி டியூப்லைட்டுக்குக் கீழே வைத்தால், நூல் மாதிரி நீண்டு வெளுத்துப்போனது. விளக்கு 3 அடி உயரத்தில்! நம் கண்ணுக்கு அது வெளிச்சம், செடிக்குப் போதவே போதாது.

அடுத்த தடவை விளக்கைச் சங்கிலியில் கட்டி நாற்றுக்கு அரை அடி மேலே தொங்கவிட்டேன், டைமர் போட்டு தினமும் 14 மணி நேரம். ஜெர்பரா விதை முளைக்கவே வெளிச்சம் வேண்டும் என்பதால் மேலே கோகோபீட்டை (தேங்காய் நார்த்தூள்) லேசாகத் தூவியதோடு சரி. தண்ணீர் அடித்தட்டில் மட்டும், அப்புறம் ஒரு சின்ன மேசை ஃபேன். நாற்று குட்டையாக, கெட்டியாக வந்தது.

நாலைந்து இலை விட்டதும் மாசியில் வெளியே எடுத்தேன். முதல் நாள் பச்சை நிழல் வலைக்குக் கீழே 1 மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 10 நாள். சேலத்தில் இருக்கும் தங்கச்சி அவசரப்பட்டு அவள் நாற்றை நேராக மொட்டைமாடி வெயிலில் வைத்தாள், ஒரே மதியத்தில் இலையெல்லாம் வெந்துவிட்டது. என்னிடம் மீதி இருந்ததில் ஆறு நாற்று கொடுத்தனுப்பினேன், வலையும் சேர்த்து.