ஒற்றைப் பல்லை வைத்துத் தாவரம் தின்னும் டைனோசரை அடையாளம் காண்பது எப்படி

2014இல் மலாயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மலேசியாவின் பகாங் மாநிலத்தில் கிடைத்த இரண்டு டைனோசர் பற்களை அறிவித்தார்கள். ஒன்று மீன் தின்னும் ஸ்பைனோசோரிட் வகை. மற்றது சுண்டுவிரல் நகத்தளவே உள்ள, தாவரம் தின்னும் ஆர்னிதிஸ்கியன் (பறவையைப் போன்ற இடுப்பெலும்பு கொண்ட டைனோசர் பிரிவு) வகை. எலும்புக்கூடு கிடைக்காததால் அதற்குத் தனிப்பெயர் வைக்கவில்லை. இத்தனை சிறிய பல் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று பார்க்கும் முறை இது.

முதலில் பாறையைப் பாருங்கள். பத்துமலைச் சுண்ணாம்புக்கல்லுக்கு வயது 400 மில்லியன் ஆண்டுகளுக்கும் மேல். டைனோசர்கள் தோன்றியதோ ஏறக்குறைய 230 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்புதான். பினாங்குக் கொடிமலை கருங்கல். உருகிய குழம்பு இறுகிய பாறையில் பல் தங்காது. எனவே இவ்விரு இடங்களிலும் தேடுவது வீண். பகாங்கின் உட்பகுதி மணற்கல் போன்ற படிவுப் பாறைகள்தாம் பொருத்தமானவை.

வேண்டியவை: 10 மடங்கு பெருக்கும் லென்ஸ், 0.1 மி.மீ. வரை காட்டும் வெர்னியர் கேலிபர், நுண்மணல் நிரப்பிய சிறு கிண்ணம், மில்லிமீட்டர் அளவுகோல். பல்லை நிறுத்தக் களிமண் பசையை ஒட்டாதீர்கள், எண்ணெய்க் கறை படியும். மணலில் நட்டு வையுங்கள். கல்லை நீக்க வினிகரில் ஊறவைப்பது பெருந்தவறு: பல்லின் கனிமமும் அமிலத்தில் கரையும்.

மகுட உயரம் (ஈறுக்கு வெளியே தெரியும் பகுதியின் உயரம்), அடியின் முன்பின் நீளம், அடியின் தடிமன் மூன்றையும் மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். கேலிபரை அழுத்தினால் ஓரம் உடையும். நுனி தேய்ந்திருந்தால் உயரத்தைக் குறித்து, பக்கத்தில் ‘தேய்ந்தது’ என்று எழுதுங்கள். இல்லையேல் பின்னால் ஒப்பிடுபவர் ஏமாறுவார். படம் எடுக்கும்போது படத்தின் மேல் இடப்பக்கத்திலிருந்து ஒளி தாழ்வான கோணத்தில் சாய்ந்து விழும்படி விளக்கை வையுங்கள். அளவுகோல் பல்லின் முகப்போடு ஒரே தளத்தில் இருக்க வேண்டும். மேசையில் கிடந்தால் பல் பெரிதாகத் தெரியும்.

இப்போது ஓரத்தைக் கவனியுங்கள். இறைச்சி தின்னிப் பல் பெரும்பாலும் பின்னோக்கி வளைந்த கத்தி. அதன் ரம்பப் பற்கள் (ஓரத்தில் ரம்பம் போல் வரிசையாக உள்ள சிறு முனைகள்) நுண்மையாக, ஓரத்துக்குச் செங்குத்தாக நிற்கும். ஆர்னிதிஸ்கியன் பல் இலை அல்லது முக்கோண வடிவில் அடியில் உப்பியிருக்கும். ரம்பப் பற்கள் பருத்து, நுனியை நோக்கிச் சாயும். 5 மி.மீ.க்கு எத்தனை என்று எண்ணுங்கள். வேர் இல்லையென்றால் கவலை வேண்டாம். உயிருள்ளபோதே புதுப்பல் முளைத்து, பழையதன் வேர் கரைந்து உதிர்ந்திருக்கும். ஆனால் அந்த விலங்கு அங்கேயே செத்தது என்று எழுதிவிடாதீர்கள்.

இலை வடிவம் மட்டும் போதாது. உடும்பைப் போன்ற இகுவானாவின் பல்லை ஒத்திருந்ததால்தான் 1825இல் இகுவானோடான் என்ற தாவரம் தின்னும் டைனோசர் அந்தப் பெயரைப் பெற்றது. நியூ மெக்சிகோவில் பற்களை மட்டும் வைத்து 1989இல் பெயரிடப்பட்ட ரெவுவெல்டோசோரஸை ஆரம்பகால ஆர்னிதிஸ்கியன் என்றே நம்பினார்கள். அரிசோனாவில் கிடைத்த எலும்புக்கூடுகள் 2005இல் அது முதலைகளின் உறவினம் என்று காட்டின. ஆகவே முடிவை ‘ஆர்னிதிஸ்கியன், இனம் தெரியவில்லை’ என்றே நிறுத்துங்கள்.

களத்தில் பல்லைப் பார்த்தால் பிடுங்காதீர்கள். எந்த அடுக்கில் இருந்தது என்பது போனால் வயதும் போகும். ஜி.பி.எஸ். எண்ணைக் குறித்து, பாறையோடு சேர்த்துப் படமெடுத்து, மலாயா பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கோ கனிம, புவி அறிவியல் துறைக்கோ தெரிவியுங்கள். இடத்தை முகநூலில் போட வேண்டாம். பகாங் பற்கள் கிடைத்த இடத்தையும் அதன் பாதுகாப்புக்காக ஆய்வாளர்கள் வெளியிடவில்லை.