டாப்சிலிப்பில் குழந்தைகளுடன் இரண்டு நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொள்ளாச்சியிலிருந்து, ஆனைமலைக் காட்டுக்குள் இருக்கும் டாப்சிலிப்புக்கு 40 கிலோமீட்டர்கூட இல்லை. அதை நம்பி மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு சாவகாசமாகக் கிளம்புகிறவர்கள் நிறைய. சேத்துமடை சோதனைச் சாவடியில் கட்டணம் கட்ட வேண்டும், பைகளில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அதற்குமேல் மலைப்பாதை. பொழுது சாய்ந்தால் வண்டியை மேலே விடமாட்டார்கள். அதனால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்ட குழந்தை வளைவுகளில் வாந்தியெடுக்கும். இரண்டு இட்லியோடு நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்து மலையேறுங்கள். வண்டியில் போனைக் கையில் கொடுக்காதீர்கள். கண் அசையாத திரையைப் பார்க்கிறது, உள்காது வளைவுகளை உணர்கிறது. குமட்டல் அதனால்தான் வருகிறது.

அறைகள் கொஞ்சம்தான். வனத்துறையின் இணையதளத்தில் முன்பதிவு செய்யாமல் போனால், சோர்ந்த பிள்ளைகளோடு அன்றைக்கே கீழிறங்க வேண்டிவரும். சில விடுதிகள் வரவேற்பு மையத்திலிருந்து தள்ளிக் காட்டுக்குள் இருக்கின்றன. ராத்திரி பாலுக்கோ வெந்நீருக்கோ அங்கிருந்து நடந்து வரமுடியாது, அந்தப் பாதையில் யானை நடமாட்டம் உண்டு. கைக்குழந்தை இருந்தால் பால்பவுடரும் பிளாஸ்க்கும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். மான்களும் காட்டுப்பன்றிகளும் புல்வெளியில் சாதுவாக மேய்வதைப் பார்த்து, பிள்ளையைப் பிஸ்கட்டோடு வெளியே விடாதீர்கள். சாதுவாகத் தெரிந்தாலும் அவை காட்டு விலங்குகள். குரங்கோ, பிஸ்கட்டோடு கையையும் சேர்த்துப் பிடுங்கும்.

பெரியவர்களின் நடையை வைத்துத் திட்டமிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் போக வர 2 கிலோமீட்டர் போதும். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வனத்துறை வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் நடக்கக் கூடாது. கிளம்பும்போதே பிள்ளையின் வயதை அவரிடம் சொன்னால் ஏற்றம் குறைந்த பாதையாகத் தேர்ந்தெடுப்பார். கோடையில் காட்டுத்தீ அபாயத்தால் பாதைகளை மூடுவதுண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வழிகாட்டி முன்னால், பெற்றோரில் ஒருவர் அடுத்து, பிறகு பிள்ளை, கடைசியில் இன்னொருவர். இந்த வரிசை கலையவே கூடாது. வளைவுக்கு அந்தப் பக்கம் காட்டெருமை நின்றால், முன்னால் ஓடிய பிள்ளைதான் அதன் எதிரே போய் நிற்கும். வழிகாட்டி கை தூக்கினால் அப்படியே நிற்க வேண்டும் என்பதை விடுதி முற்றத்திலேயே நாலைந்து தடவை விளையாட்டாகப் பழக்கிவிடுங்கள். களைத்த பிள்ளையைத் தோளில் ஏற்றாதீர்கள். தாழ்ந்த கிளை முகத்தில் அடிக்கும், சறுக்கினால் இருவரும் விழுவீர்கள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, வந்த வழியே திரும்புங்கள்.

மழை மாதங்களில் அட்டை ஏறும். பேன்ட்டின் கால்பகுதியைக் காலுறைக்குள் செருகி விடுங்கள். காலுறையில் மூக்குப்பொடி தூவும் வழக்கம் பிள்ளைகளுக்கு வேண்டாம், கைவழியே வாய்க்குப் போய்விடும். கடித்த அட்டையைப் பிடித்து இழுக்கவோ, உப்புப் போடவோ, தீயால் சுடவோ கூடாது. உறிஞ்சியதை அது காயத்துக்குள்ளேயே கக்கக்கூடும். மெலிந்த முனையில்தான் வாய் இருக்கும். தோலை ஒட்டி நகத்தைச் செலுத்தி அந்த முனையை நெம்பினால் விட்டுவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் சில மணி நேரம் கசியலாம், பயப்பட வேண்டாம்.

அட்டையைப் பார்த்து அலறுகிற பெற்றோர் உண்ணியை மறந்துவிடுகிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது அதற்குத்தான். ஸ்க்ரப் டைபஸ் எனும் உண்ணிக் காய்ச்சலைப் பரப்புவது கண்ணுக்கே சரியாகத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு. புல்லிலும் புதரிலும் பிள்ளையை உட்கார விடாதீர்கள். அறைக்குத் திரும்பியதும் உடுப்பை மாற்றிக் குளிக்க வையுங்கள். அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம் எல்லாம் பாருங்கள். ஊர் திரும்பி மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று வீட்டிலேயே மருந்து கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த பொருக்கு உடம்பில் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். அது இல்லாவிட்டாலும், காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகிற நோய் இது.