ஊர் ஊராகத் தாவாமல் இங்கிலாந்து: தம்பதியாக இரண்டு மாதம் தங்கிச் சுற்ற ஒரு செய்முறை

இங்கிலாந்துக்கு இரண்டு மாதம் போக முடிந்தவர்கள்கூடப் பெரும்பாலும் பத்து நாள் பேக்கேஜ் டூரின் அவசரத்திலேயே திட்டம் போடுகிறார்கள். இரண்டு இரவுக்கு ஓர் ஊர், அடுத்த இரண்டு இரவுக்கு இன்னோர் ஊர். அங்கே விடுதியைக் காலை பத்து, பதினோரு மணிக்குக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குத்தான் சாவி கிடைக்கும். இடையில் பெட்டியும் கையுமாக நிற்க வேண்டியதுதான். இருபது ஊர் மாறினால் இருபது நாள் இப்படியே போய்விடும்.

நாங்கள் சொல்லும் வழி வேறு. நான்கு ஊர், ஒவ்வொன்றிலும் இரண்டு வாரம், அங்கிருந்து பகல் பயணங்கள். கார் தேவையில்லை. முதல் தடவை போகும் கணவன் மனைவி தாங்களாகவே ஏற்பாடு செய்துகொள்ளும்படி வரிசையாக எழுதியிருக்கிறோம்.

படி 1: மாதம்

மே நடுவிலிருந்து ஜூலை நடு வரை போங்கள். காரணம் வெயில் அல்ல, வெளிச்சம். ஜூன் கடைசியில் லண்டனில் காலை 4.45க்கு விடிந்து இரவு 9.20க்குத்தான் சூரியன் மறையும். டிசம்பரில் எட்டு மணிக்கு விடிந்து நான்கு மணிக்குள் இருட்டிவிடும். ஜூலை கடைசியில் பள்ளி விடுமுறை தொடங்கியதும் காட்டேஜ் வாடகை எகிறும். மே கடைசி வாரத்திலும் அரைப்பருவ விடுமுறை உண்டு. அந்த வாரத்துக்கு மட்டும் முன்கூட்டியே இடம் பிடித்துவிடுங்கள்.

படி 2: அனுமதி, காப்பீடு

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசா வேண்டும். ஒரு தடவையில் அதிகபட்சம் 6 மாதம் தங்கலாம். பயணத்துக்கு 3 மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவையில்லை. ஆனால் 2025 ஜனவரி முதல் இடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி கட்டாயம்.

தம்பதிக்குக் கூட்டு விண்ணப்பம் என்று ஒன்று கிடையாது. இருவரும் தனித்தனியாக விண்ணப்பித்துத் தனித்தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். ஒருவர் பணத்தில் இருவரும் போவதாக இருந்தால், மற்றவரின் விண்ணப்பத்திலும் அந்த வங்கிக் கணக்கு விவரமும் திருமணச் சான்றிதழும் இருக்கட்டும். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேருங்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் கணக்கில் திடீரென்று பெரிய தொகை போடாதீர்கள். எங்கிருந்து வந்தது என்று விளங்காத பணம் விசா மறுப்புக்கு வழக்கமான காரணம். நிலம் விற்ற பணம் என்றால் அதற்கான பத்திரத்தையும் வையுங்கள்.

மருத்துவக் காப்பீட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். பார்வையாளராக வருபவருக்கு அவசரப் பிரிவில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் படுக்கையில் சேர்த்துவிட்டால், அரசு மருத்துவமனைச் செலவைப் போல ஒன்றரை மடங்கு பில் வரும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் பாலிசியில் மறைக்காமல் எழுதுங்கள். மாத்திரைகளை இரண்டு மாதத்துக்கும் சேர்த்து, ஆங்கில மருந்துச்சீட்டோடு கைப்பையில் கொண்டு போங்கள்.

படி 3: நான்கு ஊர்கள்

இதற்கு அரை நாள் செலவழித்து யோசியுங்கள். தங்குமிடம் கிராமத்தில் வேண்டாம். படத்தில் அழகாக இருக்கும் கிராமத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸே இருக்காது. ரயில் நிலையமும் பஸ் நிலையமும் உள்ள நடுத்தர ஊரில் தங்கி, கிராமத்துக்குப் பகலில் போய் வர வேண்டும். எங்கள் தேர்வு யார்க், கெண்டல், ஷ்ரூஸ்பரி, பாத். வரிசையும் இதுவே.

யார்க் முதலில் வருவதற்குக் காரணம் அது சமதரை. ஊரைச் சுற்றிய கோட்டை மதில்மேல் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்கலாம், காசு கிடையாது. காலுக்கு அதுவே பயிற்சி. டர்ரம் கதீட்ரலுக்கு ரயில், விட்பி கடற்கரைக்கு பஸ்.

அடுத்தது ஏரி மாவட்டத்தின் வாசலான கெண்டல். மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று அந்த மலைகளில் மோதிக் கொட்டுகிறது. மலைக்குள் இருக்கும் சீத்வெயிட் என்ற சிற்றூரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. பென்னைன் மலைத்தொடருக்குக் கிழக்கே மழை மறைவில் இருக்கும் யார்க்கில் 600 சொச்சம்தான். சென்னையில் பெய்வதில் பாதிகூட இல்லை! ஆனால் சென்னையில் சில வாரங்களில் கொட்டித் தீர்ப்பது அங்கே ஆண்டு முழுக்கத் தூறலாகப் பரவியிருக்கும். கெண்டலில் பதினான்கு நாளில் நாலைந்து நாள் மழைக்கென்று எழுதிவிடுங்கள். மூன்று நாள் மட்டும் தங்கப் போகிறவர்கள் மேகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது இந்தக் கணக்கைப் போடாததால்தான்.

ஷ்ரூஸ்பரியிலிருந்து சர்ச் ஸ்ட்ரெட்டன் ரயிலில் இருபது நிமிடத்துக்குள். நிலையத்திலிருந்து நடந்தே லாங் மிண்ட் குன்றுகளில் ஏறலாம். அதே தடத்தில் தெற்கே போனால் பழைய கோட்டை ஊரான லட்லோ. 1779இல் வார்ப்பிரும்பில் கட்டிய பாலம் நிற்கும் அயர்ன்பிரிட்ஜும் பக்கம்தான்.

பாத்தில் ரோமானியர் கட்டிய குளியல் கூடத்தைக் கூட்டம் சேருமுன் காலையிலேயே பார்த்துவிடுங்கள். அங்கே எங்களுக்கு அதைவிடப் பிடித்தது கால்வாய்க்கரை. கென்னட்-ஏவன் கால்வாய் ஓரமாக பிராட்ஃபோர்ட்-ஆன்-ஏவன் வரை சுமார் 16 கிலோமீட்டர், ஏற்றமே இல்லாத நடை. திரும்பி வர ரயில் கால் மணி நேரம்.

கெண்டலிலிருந்து ஷ்ரூஸ்பரிக்கு ஆக்ஸன்ஹோம், க்ரூ வழியாக மாறிப் போக வேண்டும். ஷ்ரூஸ்பரியிலிருந்து பாத்துக்கு ஹெரிஃபோர்ட், நியூபோர்ட் வழி. கடைசியில் பாத்திலிருந்து லண்டன் பாடிங்டனுக்கு நேர் ரயில் உண்டு.

படி 4: வீடும் அடுப்பும்

இரண்டு வாரத்துக்கு ஹோட்டல் அறை வேண்டாம், சமையலறை உள்ள வீடு எடுங்கள். காட்டேஜ்கள் வழக்கமாக வெள்ளி அல்லது சனியன்றுதான் ஆள் மாறும். அதனால் ஊர் மாறும் நாளையும் வெள்ளி, சனிக்கே வைத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை என்று வைத்தால் நடுவில் இரண்டு இரவு தொங்கும்.

முன்பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். நிலையத்திலிருந்து நடந்தால் எத்தனை நிமிடம்? வாடகையில் மின்சாரமும் சூடேற்றுவதும் சேர்த்தியா? அடுப்பு எந்த வகை? மூன்றாவது நமக்கு ரொம்ப முக்கியம். இண்டக்‌ஷன் அடுப்பாக இருந்தால் சாதா அலுமினிய குக்கர் சூடே ஆகாது. காந்தம் ஒட்டும் அடிப்பாகம் உள்ள மூன்று லிட்டர் எவர்சில்வர் குக்கர் எடுத்துப் போங்கள். மின்னழுத்தம் இந்தியா, இங்கிலாந்து இரண்டிலும் 230 வோல்ட் என்பதால் சிறிய மிக்ஸி அங்கேயும் ஓடும். பிளக்தான் வேறு, தட்டையான மூன்று முள். அதற்கு அடாப்டர் போதும்.

தாளிக்கும்போது மிளகாய்க் காரலில் புகை அலாரம் அலறும். அலாரத்தின் பேட்டரியைக் கழற்றாதீர்கள். உயிர் காக்கும் பொருள் அது. சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, புகைபோக்கி விசிறியைப் போட்டுவிட்டு எண்ணெயைக் காய வையுங்கள். மசாலாப் பொடி, பருப்பு கொண்டு போகலாம். நெய், பால்கோவா, ஆட்டு உப்புக்கண்டம் என்று பால், இறைச்சிப் பொருள் எதுவும் வேண்டாம். விமான நிலையத்தில் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்.

பெரிய கடைகள் ஞாயிறன்று ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கலாம் என்பது அங்கே சட்டம். காய்கறியைச் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள்.

படி 5: இருவருக்கு ஒரு ரயில்கார்டு

டூ டுகெதர் ரயில்கார்டு தம்பதிகளுக்கென்றே செய்தது போன்றது. இருவர் பெயரும் படமும் போட்ட ஒரே அட்டை, 2025 விலைப்படி 35 பவுண்டு, ஓராண்டு செல்லும். இருவர் டிக்கெட்டிலும் மூன்றில் ஒரு பங்கு குறையும். வெளிநாட்டவரும் வாங்கலாம். முதல் நீளப் பயணத்துக்கு முன்பே வாங்கினால் போட்ட காசு சீக்கிரமே திரும்பிவிடும்.

இதில் சறுக்குவது இரண்டு இடத்தில். ஒன்று, திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9.30க்கு முன் புறப்படும் ரயிலில் இது செல்லாது. இரண்டு, இருவரும் சேர்ந்தே பயணம் செய்ய வேண்டும். மனைவிக்குக் கால்வலி, நான் மட்டும் போகிறேன் என்றால் அந்த டிக்கெட் செல்லாது. செல்லாத டிக்கெட்டோடு பிடிபட்டால் 100 பவுண்டும் அந்தப் பயணக் கட்டணமும் அபராதமாகக் கட்ட நேரலாம். அறுபது வயது தாண்டியவர்கள் ஆளுக்கொரு சீனியர் ரயில்கார்டு வாங்கினால் தனித்தனியாகவும் போகலாம். லண்டன் சுற்றுவட்டத்துக்கு வெளியே காலை நேரத் தடையும் பெரும்பாலும் இராது. செலவு இரட்டிப்பானாலும் இந்த வயதில் எங்கள் ஓட்டு அதற்குத்தான்.

ஊர் மாறும் நான்கைந்து பயணங்களுக்கு மட்டும் அட்வான்ஸ் டிக்கெட் எடுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் முன்பு மலிவாகக் கிடைக்கும். ஆனால் குறித்த ரயிலில்தான் ஏற வேண்டும், நடுவில் இறங்கி ஊர் பார்க்க முடியாது. பகல் பயணங்களுக்கு ஆஃப்-பீக் ரிட்டர்ன், அதாவது நெரிசல் இல்லாத நேரத்தில் போய்வரும் டிக்கெட் நல்லது. போக மட்டும் எடுப்பதற்கும் போய்வர எடுப்பதற்கும் விலை பெரிதாக வித்தியாசப்படாது.

ஞாயிறுகளில் தண்டவாளப் பராமரிப்பு நடந்து, ரயிலுக்குப் பதில் பஸ் விடுவது சகஜம். சனிக்கிழமை இரவே பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: பஸ்

2025 ஜனவரி முதல் இங்கிலாந்தின் பெரும்பாலான உள்ளூர் பஸ்களில் ஒரு வழிக்கு 3 பவுண்டுக்கு மேல் வாங்குவதில்லை. எத்தனை தூரமானாலும் அவ்வளவுதான். கெண்டலிலிருந்து விண்டர்மியர், ஆம்பிள்சைட், கிராஸ்மியர் வழியாகக் கெஸ்விக் போகும் 555ஆம் எண் பஸ்ஸில் மாடியில் முன்சீட்டில் உட்கார்ந்து போவதே ஒரு நாள் சுற்றுலாவுக்குச் சமம்.

நிறுத்தத்தில் சும்மா நின்றால் பஸ் நிற்காமல் போய்விடும். கையை நீட்டிக் காட்டுங்கள். வங்கிக் கார்டைத் தட்டுமுன் இருவர் டிக்கெட் என்று டிரைவரிடம் வாயால் சொல்ல வேண்டும். லண்டன் சுரங்க ரயிலில் ஒரே கார்டை இருவர் தட்ட முடியாது, ஆளுக்கொரு கார்டு வேண்டும். நடக்கப் போகிற நாளில் கடைசி பஸ் நேரத்தைக் கைப்பேசியில் மட்டும் நம்பாமல், நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படம் எடுத்து வையுங்கள்.

படி 7: வயலுக்கு நடுவே போகும் பாதை

இங்கிலாந்தின் பெரிய செல்வம் இதுதான் என்போம். தனியார் வயல், தோப்பு, ஆட்டுப்பட்டி வழியாகவே யாரும் நடந்து போக உரிமையுள்ள பாதைகள், வேல்ஸையும் சேர்த்து இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல். டிக்கெட் இல்லை, காவலர் இல்லை. கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவருக்கு. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் வரும்.

ஆர்டினன்ஸ் சர்வே எக்ஸ்புளோரர் வரைபடம் ஒன்று வாங்குங்கள், ஆரஞ்சு அட்டை. அதில் 4 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். பச்சைக் கோடு விட்டுவிட்டுப் போவது உரிமையுள்ள பாதை. கறுப்புக் கோடு விட்டுவிட்டுப் போவது தரையில் தடம் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும், உரிமை உண்டு என்று சொல்லாது. புதியவர்கள் குழம்புவது இங்கேதான். ஒரு நூலைப் பச்சைக் கோட்டின்மேல் வளைத்து வைத்து அளந்தால் தூரம் தெரியும். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி என்பது பழைய நெய்ஸ்மித் கணக்கு. முதல் இரண்டு வாரம் வரும் விடையைப் போல ஒன்றரை மடங்கு வையுங்கள்.

வயலின் நடுவே பச்சைக் கோடு போனால் நமக்குக் கால் கூசும். பயிரை மிதிப்போமா என்று வரப்போரமாகச் சுற்றிப் போகத் தோன்றும். அங்கே கதை தலைகீழ். உழுத வயலானாலும் பாதையை மறுபடி திறந்துவிடுவது விவசாயியின் சட்டக் கடமை. உரிமை அந்தக் கோட்டில்தான், ஓரத்தில் இல்லை. ஒருவர் பின் ஒருவராகக் கோட்டிலேயே நடங்கள். திறந்திருந்த கதவைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விட்டுச் செல்லுங்கள். சில கதவுகள் அரைவட்டக் கூண்டுக்குள் ஆடும். ஒருவர் உள்ளே போய் மூலையில் ஒதுங்கி, கதவைத் தன் பக்கம் தள்ளிக் கடந்தபின் அடுத்தவர். முதுகுப் பை பெரிதாக இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள், கழற்றிக் கையில் எடுங்கள்.

முதல் மலைநடைக்கு ஆம்பிள்சைட்டிலிருந்து ரைடல் வழியாகக் கிராஸ்மியர் வரை ஆறு கிலோமீட்டர் போல. ரைடலுக்கு அப்பால் இது சவப்பெட்டிப் பாதை. ஒரு காலத்தில் இறந்தவர்களைத் தோளில் சுமந்து கிராஸ்மியர் தேவாலயத்துக்குக் கொண்டு போன வழி. வழியில் பெட்டியை இறக்கி இளைப்பாறிய தட்டைக் கல் இன்னும் இருக்கிறது. நம் ஊர்ச் சாலையோரச் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1813 முதல் 1850இல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு பாதையின் தொடக்கத்திலும், அவர் கல்லறை முடிவில் தேவாலயத்திலும். திரும்ப அதே 555.

படி 8: ஆபத்துகள்

கன்றோடு நிற்கும் மாட்டுக்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள். நம் ஊர் மாடு போல மனிதரோடு ஒட்டி வளர்ந்ததல்ல, மந்தையாக மேய்வது. தூரமாகச் சுற்றிப் போங்கள், ஓடாதீர்கள். லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போகும் சாலையை நாளுக்கு இரண்டு முறை கடல் மூடும். அலை அட்டவணை பார்க்காமல் அதில் கால் வைக்கக் கூடாது. பெரணிப் புதரில் நடந்த இரவு முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் ஒருவருக்கொருவர் உண்ணி பாருங்கள். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். சில வாரங்களுக்குள் வட்டமாகச் சிவந்து பரவினால் மருத்துவ ஆலோசனை எண்ணான 111க்கு அழையுங்கள்.

மலையில் குடை உதவாது, காற்று திருப்பிவிடும். மழைச்சட்டை, மழைக்கால்சட்டை, கணுக்காலைப் பிடிக்கும் பூட்ஸ் மூன்றும் வேண்டும். வந்த முதல் நாளே உள்ளூர் சிம் வாங்கி, ரெஜிஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்லை அவசர உதவி எண்ணான 999க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, வரும் பதிலுக்கு யெஸ் என்று அனுப்பிவிடுங்கள். பேச முடியாத அளவுக்கு சிக்னல் பலவீனமான பள்ளத்தாக்கில் ஒரு குறுஞ்செய்தி போய்ச் சேரக்கூடும். பேச முடிந்தால் 999இல் முதலில் போலீஸ் என்றும், பிறகு மௌண்டன் ரெஸ்க்யூ என்றும் கேளுங்கள். இருவர் கைப்பேசியிலும் இதைச் செய்து வையுங்கள். காலை முறித்துக்கொண்டு கிடப்பவரின் பையில்தான் பதிவு செய்த ஒரே போன் இருக்க வேண்டும் என்பதில்லை.