தைராய்டு கட்டியை ஸ்கேனில் படிப்பது எப்படி? புதிதாகத் தொடங்கும் மருத்துவர்களுக்கு

நடவு வேலை ஓய்ந்ததும் எங்கள் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அறையில் கூட்டம் சேர்ந்துவிடும். அதுவரை தள்ளிப்போட்ட வலியையும் வீக்கத்தையும் சுமந்துகொண்டு திருவையாறு, பாபநாசம் பக்கத்துப் பெண்கள் வருவார்கள். "டாக்டரம்மா, கழுத்தில் என்னமோ உருளுகிறதே, புற்றா?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் இல்லை என்பதே பதில். ஆனால் அதை முறையாகப் பார்த்த பிறகுதான் சொல்ல வேண்டும்.

முதலில் தோளுக்கடியில் ஒரு தலையணை வைத்துக் கழுத்தைப் பின்னால் சாயச் செய்யுங்கள். கழுத்தில் வைத்துப் பார்க்கும் கருவியான புரோபில், நுண்ணிய விவரம் தரும் உயர் அதிர்வெண் வகையை (10 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல்) எடுங்கள். கட்டியைத் தேடுவதற்கு முன், சாதாரண தைராய்டின் வெளுப்பையும் அதற்கு முன்னால் படர்ந்த தசையின் கறுப்பையும் கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். அவை இரண்டும்தான் உங்கள் அளவுகோல்.

அடுத்து, கட்டியிடம் ஐந்து கேள்விகள். உள்ளே நீரா, சதையா? சுரப்பியைவிடக் கறுப்பா, தசையைவிடவும் கறுப்பா? குறுக்குவெட்டில் களத்து நெல்மணிபோலக் கிடக்கிறதா, நட்டுவைத்ததுபோல நிற்கிறதா? விளிம்பு சீரானதா? வெள்ளைப் புள்ளிகள் உண்டா? 2017இல் வந்த அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரியின் டை-ராட்ஸ் முறை இவற்றுக்குத்தான் மதிப்பெண் தருகிறது. 7 அல்லது அதற்கு மேல் வந்தால் மிகுந்த சந்தேகம். அப்போது 1 செ.மீ. கட்டிக்கே ஊசிப் பரிசோதனை (மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துப் பார்ப்பது) தேவை. 3 மட்டும் வந்தால் 2.5 செ.மீ. வரை பொறுக்கலாம். பிட்ட இட்லிபோல முழுக்கச் சிறு துளைகளாக இருக்கும் கட்டிக்கு மதிப்பெண்ணே இல்லை, ஊசியும் வேண்டாம்.

இனி தைராய்டு புற்றின் வகைகள். மிக அதிகமாகக் காண்பது பாப்பில்லரி. கறுத்த, சதைப்பற்றான, கரடுமுரடான விளிம்புள்ள, நிற்கும் கட்டி. உள்ளே ரவை தூவியதுபோல நிழல் விழாத வெள்ளைப் புள்ளிகள். புதியவர்கள் தடுமாறுவது இந்தப் புள்ளிகளில்தான். நீர்ப்பகுதியில் மின்னும் புள்ளிக்குப் பின்னால் வால்நட்சத்திரம்போல அகன்ற ஒரு வால் தெரிந்தால், அது பெரும்பாலும் கூழ்ப்பொருள் படிகம், அஞ்ச வேண்டியதில்லை. வால் இல்லாமல் கறுத்த சதைக்குள் சிதறிக் கிடந்தால் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். புரோபைச் சற்றுச் சாய்த்து மீண்டும் பாருங்கள். அவசரப்படாதீர்கள்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது பாலிக்குலர் வகை. நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டியதுபோல ஒரு கறுப்பு வளையம், உள்ளே சுரப்பியின் நிறம், சீரான முட்டை வடிவம் என்று பார்வைக்குச் சாதுவாக இருக்கும். புற்றில்லாத பாலிக்குலர் கட்டியும் இப்படித்தான் தெரியும். ஸ்கேனோ ஊசியோ இரண்டையும் பிரித்துச் சொல்லாது. கட்டி தன் உறையையோ இரத்தக் குழாயையோ துளைத்திருக்கிறதா என்பதை, அறுவைக்குப் பின் நுண்ணோக்கியில்தான் காண முடியும். ஆகவே "புற்று இல்லை" என்று ஒருபோதும் அறிக்கையில் எழுதாதீர்கள்.

மெடுல்லரி வகையும் கறுத்த சதைக்கட்டியே. சுண்ணாம்புப் படிவு சில சமயம் பெரிய துண்டுகளாக இருக்கும். இரத்தத்தில் கால்சிடோனின் என்ற ஹார்மோன் உயர்ந்திருக்கும். சுமார் நான்கில் ஒரு பங்கு பரம்பரையாக வருவதால் குடும்பத்தில் யாருக்கேனும் இருந்ததா என்று கேளுங்கள். அனாபிளாஸ்டிக் வகை பெரும்பாலும் முதியவர்களுக்கு வருவது. கரை உடைந்த கொள்ளிடம்போலச் சில வாரங்களிலேயே சுற்றியுள்ள தசை, மூச்சுக்குழாய் எல்லாவற்றிலும் பரவிவிடும். அங்கே மதிப்பெண் கூட்டிக்கொண்டிருக்காமல் அன்றே மேல்சிகிச்சைக்கு அனுப்புங்கள்.

கடைசிப் படி, கழுத்தின் இரு பக்கமும் நிணநீர்க் கணுக்கள். பயிற்சிக் காலத்தில் 6 மி.மீ. கட்டி ஒன்றைப் பார்த்து, சிறியதுதானே என்று புரோபை எடுத்துவிட்டேன். மூத்த மருத்துவர் மீண்டும் வைத்துப் பார்த்தபோது பக்கவாட்டில் நீர் கோத்த கணு ஒன்று இருந்தது. பாப்பில்லரி பரவியிருந்தது. அந்தப் பெண்ணின் முகம் இன்னும் மறக்கவில்லை. நல்ல கணு மொச்சைக்கொட்டைபோல நீண்டு, நடுவில் வெள்ளைக் கோடு காட்டும். உருண்டு, அந்தக் கோட்டை இழந்து, உள்ளே நீரோ வெள்ளைப் புள்ளியோ இருந்தால் கட்டியின் அளவு எதுவானாலும் அந்தக் கணுவிலேயே ஊசிப் பரிசோதனைக்குப் பரிந்துரையுங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் "இருபுறமும் சந்தேகத்திற்குரிய கணு இல்லை" என்ற வரியை அறிக்கையில் எழுதிவிட்டுக் கையொப்பமிடுங்கள்.