ஹாஸ்டல் கேட்டில் கைரேகை, வீட்டுக்கு எஸ்எம்எஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடுதி மாணவி கேட்டில் விரல் வைத்ததும் அப்பாவின் போனுக்கு எஸ்எம்எஸ் போகும். இந்த ஏற்பாட்டுக்காகக் கல்லூரிகள் மெஷினைப் பார்த்துப் பார்த்து வாங்குகின்றன. ஆனால் கோளாறு பெரும்பாலும் சேர்க்கைப் படிவத்தில் எழுதிய போன் நம்பரிலேயே தொடங்கிவிடுகிறது.

அது அப்பாவின் நம்பர்தானா என்று யாரும் கூப்பிட்டுப் பார்ப்பதில்லை. நண்பனின் நம்பரோ மாணவரின் இன்னொரு சிம்மோ அங்கே இருந்தால், ரேகை எவ்வளவு துல்லியமாகப் பதிந்தும் பயனில்லை. சேர்க்கை நாளில் பெற்றோர் எதிரில் இருக்கும்போதே ஓடிபி அனுப்பிச் சரிபாருங்கள். செமஸ்டருக்கு ஒருமுறை பேசியும் பாருங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் வேறொருவர் கைக்குப் போயிருக்கலாம்.

கிளம்பிய பிறகு சொல்வது அடுத்த தவறு. 'உங்கள் மகள் வெளியேறினார்' என்பது வெறும் தகவல். வெளியே போவதற்கான அனுமதிச் சீட்டான அவுட்பாஸில் வார்டன் கையெழுத்துப் போடும் முன்பே பெற்றோரின் சம்மதம் வந்திருக்க வேண்டும். திரும்பி வந்ததும் ஒரு மெசேஜ் போவது அதைவிட முக்கியம். மகளை இரவு பஸ் ஏற்றிவிட்ட அம்மா அதற்காகத்தான் தூங்காமல் இருக்கிறார். குறித்த நேரத்துக்குள் வரவில்லையென்றால் மெசேஜ் போதாது, வார்டன் போனில் பேச வேண்டும்.

ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து, தமிழுக்கு 70தான். புள்ளியும் கொம்பும்கூடத் தனித்தனியே கணக்காகும். செலவுக்கு அஞ்சி ஆங்கிலத்தில் அனுப்பினால், அது தெரியாத பெற்றோருக்கு எதுவுமே போய்ச் சேரவில்லை என்றுதான் அர்த்தம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி, நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ் வாசகங்களைப் பதிவு செய்யும் டிஎல்டி தளத்தில் வாசகத்தை முன்பே பதிந்திருக்க வேண்டும். பொருந்தாத மெசேஜ் தடுக்கப்படும். மழை விடுமுறைக்கான வாசகத்தை மழைக்கு முன்பே பதிந்து வையுங்கள்.

ஈர விரல், வறண்ட தோல், வெட்டுக்காயம் எல்லாம் ரேகையைக் குழப்பும். இரண்டு கையிலும் விரல்களைப் பதியுங்கள். வாட்ச்மேனிடம் நோட்டும் இருக்கட்டும். தீபாவளிக்கு முந்தைய நாள் ஒரே மெஷின் முன் வரிசை நீண்டால், பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பலர் ரேகை வைக்காமலே போய்விடுவார்கள். கணினி அவர்களை உள்ளே இருப்பதாகவே காட்டும். அன்றிரவு விடுதியில் தீப்பிடித்தால் யாரைத் தேடுவது?

பாலிடெக்னிக் முதலாண்டில் பலர் 18 வயது நிரம்பாதவர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவர்களைக் குழந்தைகளாகவே கொள்கிறது; பெற்றோரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். படிப்பு முடித்தவர் பாக்கி எதுவும் இல்லை என்று நோ டியூஸ் கையெழுத்து வாங்கும் அன்றே அவருடைய ரேகையையும் மெஷினிலிருந்து அழித்துவிடுங்கள்.