டீசல் எவ்வளவு இருக்கிறது? குச்சியைக் கேளுங்கள்

காசிமேட்டில் விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். மீட்டர் முள் பாதியில் நின்றால் பாதி டீசல் இருக்கிறது என்று நம்பிக் கிளம்ப வேண்டாம். படகின் அடிவாட்டத்துக்கு ஏற்பக் கீழே ஒடுங்கிய டேங்க் என்றால், பாதி உயரத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் எண்ணெய் நிற்கும்.

டேங்க் காலியாகும்போது மூங்கில் குச்சியை அடிவரை விட்டு, 20 லிட்டர் கேனாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் நனைந்த இடத்தில் கத்தியால் கீறுங்கள். கோடுகள் கீழே தள்ளித் தள்ளியும் மேலே நெருங்கியும் விழும், அதுதான் சரி. சாக்பீஸ் தேய்த்த குச்சியில் மட்டம் பளிச்சென்று தெரியும்.

அளப்பது துறைமுகத்திலேயே, படகு சாயாமல் நிற்கும்போது. ஓடும்போது அணியம் (படகின் முன்பக்கம்) தூக்கும், எண்ணெய் பின்னால் ஒதுங்கிவிடும். அப்புறம், குடிதண்ணீர் டேங்க்குக்குத் தனிக் குச்சி வையுங்கள்.